நுரையாகவே வந்த என் பீர் கெக்

மெல்பர்னில் வீட்டிலேயே பீர் காய்ச்சி 19 லிட்டர் கெக்கில், அதாவது அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாயில், அடைத்து வைக்கிறேன். முதல் கெக்கில் குழாயைத் திறந்தால் முக்கால் கிளாஸ் நுரைதான். வாயு அதிகம் என்று நினைத்து, வாயு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 12 பிஎஸ்ஐயிலிருந்து (பிஎஸ்ஐ என்பது அழுத்த அலகு) 5க்குக் குறைத்தேன். அங்கேதான் தப்பு. பீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு, கெக்கிலிருந்து குழாய்க்குப் பீர் போகும் டியூபுக்குள்ளேயே குமிழாகப் பிரிந்தது. நுரை இன்னும் கூடியது, சில நாளில் பீரும் சப்பென்று ஆகிவிட்டது.

குறை டியூபில்தான். ஒன்றரை மீட்டர்தான் போட்டிருந்தேன். கெக்கின் அழுத்தத்தை டியூபின் உராய்வுதான் மட்டுப்படுத்த வேண்டும். இல்லையென்றால் பீர் வேகமாகப் பாய்ந்து குழாய் வாயில் சிதறிவிடும். 5 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் 3 மீட்டர் டியூப் மாட்டினேன். கெக் இருக்கும் ஃபிரிட்ஜை 3 டிகிரி செல்சியஸில் வைத்து, மறுபடி 12 பிஎஸ்ஐ கொடுத்து, பத்து நாள் தொடாமல் விட்டேன். இந்தக் கணக்கில் பீரின் கொள்ளளவைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாயு கரையும். பேல் ஏல் என்ற பீர் வகைக்கு அது அருமையான அளவு.

அப்புறமும் முதல் கிளாஸ் மட்டும் நுரைத்தது. குழாய் இருக்கும் மேல்பகுதி சூடாக இருந்ததுதான் காரணம். சின்ன ஃபேன் ஒன்றை உள்ளே வைத்துக் குளிர்காற்றை மேலே அனுப்பினேன். இப்போது குழாயை முழுதாகத் திறந்து ஊற்றினாலும் இரண்டு விரல் நுரைதான் நிற்கிறது.