நாலு அட்டையில் தொடங்கலாம்

என் மகள் 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்வாள். ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் படிக்க வராது. அதனால் ப, ட, ம, ம் என்று நாலு அட்டை மட்டும் எடுத்தேன். மெய்யெழுத்தை ‘இம்’ என்று சொல்லித் தராதீர்கள். குழந்தை ‘பட-இம்’ என்றுதான் கூட்டும். உதட்டை மூடி ‘ம்ம்’ என்று ஒலிக்கட்டும். படம், மடம் வந்ததும் ‘ட்’ சேர்த்தால் பட்டம், மட்டம். அப்புறம் கால் போட்டால் பாடம், மாடம்.

எழுதும்போது பல்லியா பள்ளியா என்று குழம்பினால் கண்ணாடி முன் உட்கார வையுங்கள். ‘ல’வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும், ‘ள’வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்கு மடியும், தொடாது. என் மகள் வாயை அகலத் திறந்து பார்த்துத்தான் பிடித்துக்கொண்டாள். தினமும் பத்து நிமிடம் போதும். கொட்டாவி வந்தால் அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள்.