தம்பானூர் சுருள் காபி ஹவுஸ்: முதல்முறை போகிறவர்களுக்கு

காப்பிக்காக மடிக்கேரி, சிக்மகளூர் என்று போக லீவு வேண்டும். காலையில் நாகர்கோவிலில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்ப வேண்டுமென்றால் என் ஓட்டு திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குத்தான். கட்டியவர் லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர். கட்டிடத்தைப் பார்க்கவே போகலாம்.

முதலில் ரயில். பஸ் வேண்டாம், பாலராமபுரம் நெரிசலில் மாட்டினால் பாதிக் காலை போச்சு. மார்த்தாண்டம்காரர்கள் குழித்துறையில் ஏறிக்கொள்ளலாம்.

திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கியதும் தம்பானூர் பக்க வாசலுக்கு வாருங்கள். பவர் ஹவுஸ் ரோடு பக்கம் இறங்கினால் சுற்றிக்கொண்டு வரவேண்டும். எதிரே அரசு பஸ் ஸ்டாண்ட், அதை ஒட்டிச் செந்நிறத்தில் உருண்டையாக ஒரு கோபுரம். அதுதான்.

இனிதான் எல்லோரும் தடுமாறும் இடம். உள்ளே நுழைந்து மாடிப்படியைத் தேடாதீர்கள். நடுவில் ஒரு தூண்போன்ற பகுதி, அதைச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை. அந்தப் பாதைதான் கடையே. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டிடத்தோடு சேர்த்தே கட்டியவை. நாற்காலியை இழுத்துப் போட வழியில்லை, ஆள் கூடினால் அடுத்த மேசைக்குப் பிரிய வேண்டியதுதான். ஏறவும் இறங்கவும் அந்த ஒரே வழி. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறும் சேட்டன்மார் (அண்ணன்மார்) தட்டோடு அதில்தான் வருவார்கள், பையை மேசைக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கீழே காலியாக இருந்தாலும் இரண்டு சுற்று மேலே போய் உட்காருங்கள். சுவரில் வரிசையாக விட்ட ஓட்டைகள் வழியே காற்று வரும், வெயில் கட்டம் கட்டமாக மேசையில் விழும்.

காப்பி சொல்லுங்கள். பால் வேண்டாதவர்கள் கட்டன் கேட்கலாம். கூடவே கட்லெட். உள்ளே சிவப்பாக இருந்தால் பதற வேண்டாம், பீட்ரூட். மசால் தோசைக்குள்ளும் அதே கதைதான். எனக்கு நம்மூர் உருளைக்கிழங்கு மசாலாதான் ஒசத்தி, கட்லெட்டில் மட்டும் பீட்ரூட்டுக்குச் சம்மதம்.

ஒரு கிளைக்கதை. மத்திய அரசின் காபி போர்டு நடத்திவந்த காபி ஹவுஸ்களை 1950-களில் மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் திரட்ட, 1957-58 வாக்கில் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. இந்தக் கடையும் அப்படியொரு தொழிலாளர் சங்கத்துடையதுதான். உங்களுக்குப் பரிமாறுகிறவரும் முதலாளிகளில் ஒருவராக இருக்கக்கூடும். காப்பி விளைச்சலில் கர்நாடகத்துக்கு அடுத்தது கேரளம். நம் குமரி மாவட்டத்து அசம்பு மலையிலும் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காப்பி பயிரிட்டார்கள், இலைத்துரு நோய் வந்து அது படுத்துவிட்டது. இன்று அந்தப் பக்கம் போனால் ரப்பரும் கிராம்பும்தான்.

பின்சேர்க்கை: மூட்டுவலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. கீழ்ச் சுற்றிலேயே அவரை உட்கார வைத்து ஆர்டர் சொல்லிவிட்டு, காப்பி வருவதற்குள் நீங்கள் மட்டும் உச்சிவரை ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் செருப்பு வழுக்கும், சுவரோரமாக நடங்கள்.