செவீயா நுண்கலை அருங்காட்சியகத்தைப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி

ஸ்பெயினின் செவீயா நகருக்குச் செல்பவர்களில் பலர் பேராலயத்தையும் ஹிரால்தா கோபுரத்தையும் அல்காசர் அரண்மனையையும் பார்த்து முடித்து, மாலையில் குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் சற்று நடந்துவிட்டு, மறுநாளே கொர்தோபாவுக்கோ கிரனாதாவுக்கோ ரயிலேறிவிடுகிறார்கள். ஓவியம் என்றால் மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இந்நகரம் என்ன வரைந்தது, யாருக்காக வரைந்தது என்பதை அறிய விரும்புகிறவர் பிளாசா தெல் முசேயோ என்னும் சிறிய சதுக்கத்திலுள்ள நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அரை நாளை ஒதுக்கியே ஆகவேண்டும். அந்த அரை நாளை வீணாக்காமல் எப்படி அமைத்துக்கொள்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

திட்டமிடும் முன்பே ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அரசர்களின் சேகரிப்பிலிருந்து வளர்ந்த பிராதோவைப் போல அல்லாமல், இது மூடப்பட்ட மடங்களிலிருந்து பிறந்த அருங்காட்சியகம். 1835-இல் ஸ்பானிய அரசு துறவியர் சபைகளைக் கலைத்து அவற்றின் உடைமைகளைக் கையகப்படுத்தியபோது, செவீயாவின் மடங்களில் இருந்த நூற்றுக்கணக்கான ஓவியங்களும் சிற்பங்களும் உரியவர் இன்றி நின்றன. அவற்றைக் காக்க அதே ஆண்டு அரசாணையால் நிறுவப்பட்ட ஓவிய அருங்காட்சியகமே 1841-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கட்டடமும் ஒரு மடந்தான்: சிறைப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென்றே தோன்றிய மெர்சிடேரியன் சபையினருக்காக, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுவான் தெ ஒவியேதோ என்னும் கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கட்டியது. ஆகவே ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும், வரைந்தவர் யார் என்பதற்கு முன்னால், இது எந்த மடத்தின் எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று கேட்டுப் பழகினால் இந்த இடம் தானாகவே விளங்கத் தொடங்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி, திங்கட்கிழமையைத் தவிர்ப்பது. அன்று விடுமுறை. வழக்கமான காலங்களில் செவ்வாய் முதல் சனி வரை காலை 9 முதல் இரவு 9 வரையும், ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் பிற்பகல் 3 வரையும் திறந்திருக்கும். கோடைக்காலத்தில் நேரம் குறைக்கப்படுவதுண்டு என்பதால், குறிப்பாக ஆகஸ்டில் செல்பவர்கள் அந்த வாரத்துக்கான நேரத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. இந்தியா, இலங்கை போன்ற பிற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நெடுங்காலமாக ஒன்றரை யூரோதான். அல்காசரைப் போல வாரக்கணக்கில் முன்பதிவு செய்யவேண்டிய தொல்லை இங்கே இல்லை. ஜூன், ஜூலை மாதங்களில் இந்நகரத்தின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அப்போது காலையில் தெருக்களையும் பிற்பகலில் இந்தத் தடித்த சுவர்களுக்குள்ளேயும் கழிப்பது உடலுக்கும் நல்லது, ஓவியங்களுக்கும் நியாயம் செய்யும். ஊரார் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை மதிய உணவில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு வர முயன்றால் பல உணவகங்களில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள் என்பதால், காலையில் கனமாக உண்டுவிட்டு மதிய வேளையில் நுழைவதே என் பரிந்துரை.

மத்ரித்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் சாந்தா ஹுஸ்தா நிலையத்தை அடையலாம். அங்கிருந்து பெட்டியுடன் நடப்பது சிரமம், டாக்சி பிடிப்பது உத்தமம். பேருந்தில் வருபவர்களுக்கு பிளாசா தெ ஆர்மாஸ் நிலையம் நடை தூரத்திலேயே இருக்கிறது. பேராலயத்தின் பக்கமிருந்து வருபவர்கள் சியெர்பெஸ் கடைத்தெரு வழியாக நடந்து, அல்போன்சோ பன்னிரண்டாமர் பெயர் கொண்ட தெருவில் திரும்பினால் சதுக்கம் வந்துவிடும். சதுக்கத்தில் பருத்த வேர்கள் புடைத்து நிற்கும் பெரிய மரங்களைக் கண்டதும் நம் கண்ணுக்கு உடனே ஆலமரம் தோன்றும். தவறில்லை, அவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அத்தி இனம், ஆலமரத்துக்கு நெருங்கிய உறவு. மர நிழலில் நிற்கும் வெண்கலச் சிலை ஓவியர் முரீயோவுடையது. ஞாயிறு காலைகளில் உள்ளூர் ஓவியர்கள் தங்கள் படைப்புகளை இங்கே விற்பனைக்கு வைக்கிறார்கள். சந்தையையும் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று ஞாயிறைத் தேர்ந்தெடுப்பவர்கள், மூன்று மணிக்குக் கதவு அடைபடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

காட்சியறைகள் மொத்தம் 14. கீழ்த்தளத்தில் ஐந்தும் மேல்தளத்தில் ஒன்பதும் உள்ளன. இடையிடையே முற்றங்கள் வருவதால் கால் ஓய்ந்தால் உட்கார இடமுண்டு. எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க நினைப்பது வீண் முயற்சி. இரண்டரை மணி நேரம் ஒதுக்கி, அதில் பாதியை ஐந்தாம் அறைக்கும் பத்தாம் அறைக்கும் மட்டும் கொடுத்துவிடுங்கள். கிறிஸ்தவப் புனிதர்களின் கதைகள் பழக்கமில்லாதவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு மாலையைச் செலவிட்டு, யார் கையில் என்ன இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்வது பெரிதும் உதவும். கோயில் சிற்பத்தைக் கையிலுள்ள ஆயுதத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறோமே, அதே முறைதான். விளக்கப் பலகைகளைப் படிக்கச் சில ஸ்பானியச் சொற்கள் போதும்: 'சீக்லோ' என்றால் நூற்றாண்டு, 'ஓலெயோ சோப்ரே லியென்சோ' என்றால் துணித்திரையில் எண்ணெய்ச் சாயம், 'பர்ரோ' என்றால் களிமண், 'கொன்வென்தோ' என்றால் மடம். கடைசிச் சொல்லைத்தான் அதிகமாகத் தேடப்போகிறீர்கள்.

கீழ்த்தளத்தில் தொடக்க அறைகளை நிதானமான நடையில் கடந்துவிடலாம், ஒரு விதிவிலக்கோடு. இரண்டாம் அறையில் பியெத்ரோ தொரிஜானோ 1525-ஆம் ஆண்டளவில் சுடுமண்ணில் செய்த புனித ஜெரோம் சிலை இருக்கிறது. முழங்காலிட்டு, கையில் கல்லேந்தித் தன் மார்பில் அடித்துக்கொள்ள ஆயத்தமாகும் முதியவரின் உடல். தளர்ந்த தோலும் இறுகிய தசையும் ஒரே உடலில் எப்படி இருக்கும் என்பதை அறிய அதைச் சுற்றி வரவேண்டும், முன்னால் நின்று பார்த்தால் போதாது. இளமையில் மைக்கலாஞ்சலோவின் மூக்கை உடைத்தவர் என்ற பெயரோடு இத்தாலியைவிட்டு வெளியேறி, லண்டனில் ஏழாம் ஹென்றி மன்னருக்குக் கல்லறை செய்து, கடைசியில் 1528-இல் செவீயாவில் இறந்தவர் இந்தத் தொரிஜானோ. எல் கிரேக்கோ தன் மகன் ஹோர்ஹே மனுவேலைத் தீட்டிய உருவப்படமும் இந்த அருங்காட்சியகத்தில்தான் உள்ளது. வெலாஸ்கெஸ் பிறந்த ஊராயிற்றே என்று அவரைத் தேடுகிறவர்கள் சற்று ஏமாறக்கூடும். இளம் வயதிலேயே அவர் மத்ரித் அரசவைக்குப் போய்விட்டதால், தொடக்ககாலப் படைப்புகள் ஒன்றிரண்டே இங்கே காணக் கிடைக்கின்றன; அவருக்கு ஆசிரியரும் மாமனாருமாகிய பச்சேக்கோவின் ஓவியங்கள்தாம் அதிகம்.

ஐந்தாம் அறை என்று எண்ணிட்டிருப்பது உண்மையில் மடத்தின் தேவாலயம். உள்ளே நுழைந்ததும் ஓவியங்களைப் பார்க்காமல் தலையை உயர்த்தி, 18-ஆம் நூற்றாண்டில் தோமிங்கோ மார்த்தினெஸ் தீட்டிய விதானத்தை முதலில் பாருங்கள். இந்த அளவுள்ள கூடத்துக்காகவே அக்கால ஓவியங்கள் வரையப்பட்டன என்பது அப்போது புரியும். ஓவியர் சுர்பரான் 1631-இல் நகரத்தின் புனித தோமா கல்லூரிக்காக வரைந்த அக்குயினாவின் புனித தோமா மகிமையடையும் காட்சி ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமுடையது. அதனை நெருங்கிச் செல்லாமல் பின்வாங்கிப் பார்க்கவேண்டும். பீடம் இருந்த பக்கம் முரீயோவுடையது. 1660-களில் கப்புசின் துறவியரின் தேவாலயத்துக்காக அவர் தீட்டிய தொகுதியின் பெரும் பகுதி இங்கே ஒன்றுகூடியிருக்கிறது. 1810-இல் நெப்போலியனின் படை நகருக்குள் நுழைந்தபோது தளபதி சூல்த் செவீயாவின் ஓவியங்களை வண்டிவண்டியாக அள்ளிச் சென்றார். கப்புசின்கள் முன்கூட்டியே தங்கள் ஓவியங்களைக் கிப்ரால்டருக்கு அனுப்பிவைத்திருந்ததால் இவை பிழைத்தன.

இந்தத் தொகுதியில் புனித ஹுஸ்தா, புனித ருபீனா என்னும் சகோதரியர் ஹிரால்தா கோபுரத்தைக் குழந்தையைப் போலத் தாங்கி நிற்கிறார்கள். 1504-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கோபுரம் விழாமல் காத்தவர்கள் அவர்களே என்பது ஊராரின் நம்பிக்கை. அவர்கள் காலடியில் கிடக்கும் மண்பாண்டங்களைக் கவனிக்கத் தவறாதீர்கள்: இருவரும் குயவர் குடும்பத்துப் பெண்கள், ஆற்றுக்கு அப்பாலுள்ள திரியானாவில் இன்றும் மண்பாண்டக் கடைகள் உண்டு. வில்லானுவேவாவின் புனித தோமா ஏழைகளுக்குப் பொருள் வழங்கும் ஓவியத்தைத் தன்னுடைய ஓவியம் என்று முரீயோ உரிமையோடு சொல்லிக்கொண்டார் என்பார்கள். அதில் ஆயருக்கு முன்னால் முதுகைக் காட்டி முழங்காலிட்டிருக்கும் ஊனமுற்ற இரவலரின் முதுகை மட்டுமே ஐந்து நிமிடம் பார்க்கலாம். கீழே ஓரத்தில் கிடைத்த காசைத் தாயிடம் காட்டும் சிறுவனை அதற்குப் பிறகு தேடுங்கள். ஒரு மீட்டருக்கும் குறைவான சிறிய ஓவியம் ஒன்றும் உண்டு. மடத்துச் சகோதரர் ஒருவர் நினைவுக்கு ஏதேனும் கேட்க, முரீயோ உணவு மேசைக் கைத்துணியிலேயே மாதாவையும் குழந்தையையும் வரைந்து கொடுத்தார் என்ற கதையால் அதற்குக் 'கைத்துணி மாதா' என்று பெயர். கதை பிற்காலத்தது என்று கொண்டாலும், சட்டத்தைத் தாண்டி நம் மேல் பாய்ந்துவிடுவது போலக் குழந்தை எட்டிப்பார்ப்பது மெய். 'பேருருவ மாதா' எனப்படும் அமல உற்பவ அன்னை (பாவ மாசின்றிக் கருவான மரியா) ஓவியத்தின் கைகால்கள் கனத்துத் தெரிந்தால் ஓவியரைக் குறை சொல்லவேண்டாம். பிரான்சிஸ்கன் மடத்துத் தேவாலயத்தில் மிக உயரத்தில் வைத்துக் கீழிருந்து காண்பதற்காக வரைந்தது அது.

அங்கிருந்து வெளியே வந்து முற்றத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, குவிமாடத்தின் கீழ் எழும் பெரிய படிக்கட்டில் மேலே ஏறுங்கள். ஆறாம் அறை முதல் ஒன்பதாம் அறை வரை வேகமாக நடந்தாலும் பாதகமில்லை. ஓவியர் வல்தேஸ் லெயாலின் கொந்தளிப்பு பிடித்தவர்கள் எட்டாம் அறையில் நிற்பார்கள்.

பத்தாம் அறையில் சுர்பரானின் 'உணவுக்கூடத்தில் புனித ஹியூகோ' ஓவியத்துக்கு அரை மணி நேரம் கொடுங்கள். கார்த்தூசியத் துறவியர் சபையை நிறுவிய புனித புரூனோவுக்கும் அவருடைய ஆறு தோழர்களுக்கும் ஆயர் ஹியூகோ இறைச்சி அனுப்புகிறார். உண்பதா விலக்குவதா என்று விவாதித்துக்கொண்டே அவர்கள் உறங்கிப்போகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமாகிய தவக்காலம் முழுவதும் அந்த உறக்கம் நீடிக்கிறது. பார்க்க வந்த ஆயரின் கை பட்டதும் இறைச்சி சாம்பலாகிறது. ஓவியத்தில் நடப்பது இவ்வளவே. வெள்ளை அங்கிகள், வெள்ளை மேசைவிரிப்பு, வெள்ளைப் பாத்திரங்களில் நீலக்கோடு, தட்டுக்கு அருகில் ரொட்டி. ஒரே வெண்மையை எத்தனை வெண்மைகளாகப் பிரிக்க முடியும் என்று எண்ணத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. இறைச்சி துறந்த துறவியர் தாங்கள் உண்ணும் விதியின் கதையை நாள்தோறும் நினைவில் கொள்வதற்கென்றே, நகருக்கு வெளியே இருந்த லாஸ் குவேவாஸ் கார்த்தூசிய மடத்துக்காக வரையப்பட்டது இது என்பதை அறிந்து பார்க்கும்போது அந்த மேசையின் அமைதிக்கு வேறொரு கனம் வந்துவிடுகிறது.

மிஞ்சிய நேரத்தில் பதினொன்றாம் அறையில் கோயா 1824-இல் தீட்டிய பாதிரியார் ஹோசே துவாசோவின் உருவப்படத்தையும், கடைசி அறைகளில் கொன்சாலோ பில்பாவோ 1915-இல் செவீயாவின் புகையிலைத் தொழிற்சாலைப் பெண்களை வரைந்த பெரிய ஓவியத்தையும் பார்த்துவிட்டு இறங்கலாம்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், ஓவியங்கள் விட்டுவந்த சுவர்களைத் தேடிச் செல்வதே சிறந்த தொடர்ச்சி. கார்த்தூசிய மடம் பிற்காலத்தில் பீங்கான் தொழிற்சாலையாக இருந்து, இன்று சமகாலக் கலைக்கூடமாக ஆற்றின் மறுகரையில் நிற்கிறது. நெடிய செங்கல் புகைபோக்கிகளைக் கொண்டு தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். ஆற்றின் இக்கரையில், தங்கக் கோபுரத்துக்கு அருகே, லா காரிதாத் என்னும் அறச்சாலையின் தேவாலயம் உள்ளது. அதற்குத் தனிக் கட்டணம். தேவாலயம் என்பதால் வழிபாட்டு நேரங்களில் சுற்றிப்பார்க்க இயலாமல் போகலாம். அதற்காக முரீயோ தீட்டிய ஓவியங்களில் மோசே பாறையிலிருந்து நீர் வரவழைப்பதும், அப்பங்கள் பலுகுவதும் இன்னும் உரிய இடத்திலேயே உயரத்தில் உள்ளன. சூல்த் எடுத்துச் சென்ற நான்கு ஓவியங்கள் இன்று லண்டன், வாஷிங்டன், ஒட்டாவா, சென்ட் பீட்டர்ஸ்பர்க் நகரங்களில் இருக்கின்றன. அவை இருந்த இடங்களில் தொங்குபவை நகல்கள். முதல் நாள் சுவரை இழந்த ஓவியங்களைப் பார்த்தவர்கள், ஓவியத்தை இழந்த இந்தச் சுவர்களின் முன்னால் ஒருமுறை நின்றுவிட்டு, வாசலை ஒட்டிய வல்தேஸ் லெயாலின் இரண்டு மரண ஓவியங்களைப் பார்த்தபடியே வெளியேறலாம்.