கடைசி வரித் திருப்பம்: தடயங்களை விதைப்பது எப்படி?

திருப்பத்தில் முடியும் சிறுகதைக்கு முதலில் கடைசி வரியை எழுதிவிடுங்கள். பிறகு பின்னோக்கி வந்து, வாசகர் கண்ணெதிரிலேயே இரண்டு மூன்று தடயங்களைப் போட்டுவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்தில் வேறொரு காரணம் பொருந்த வேண்டும். இல்லையென்றால் குட்டு உடைந்துவிடும்.

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘நெக்லஸ்’ (1884) கதையை இதற்காகவே இரண்டாம் முறை படியுங்கள். கதாநாயகி மதில்டு இரவல் கேட்டவுடன் தோழி நகையைக் கொடுத்துவிடுகிறாள். தாராள மனசு என்று நினைக்கிறோம். நகை தொலைந்தபின், பெட்டியில் பெயர் உள்ள கடைக்காரர் பெட்டி மட்டும்தான் தன்னுடையது என்கிறார். தேடல் நீள்கிறது, அவ்வளவுதான் என்று கடந்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக வாங்கிய புது நகையைத் திருப்பிக் கொடுக்கும்போது தோழி பெட்டியைத் திறப்பதே இல்லை. மதில்டு மாட்டிக்கொள்வாளோ என்ற பதைப்பில் இருக்கும் நமக்கு அது நிம்மதியாகவே படுகிறது! அந்த நிம்மதிதான் அருமையான மறைப்பு. புது நகையின் விலை 36,000 பிராங்க்; கடனை அடைக்கப் பத்து வருடம். தொலைந்ததோ மிஞ்சிப்போனால் 500 பிராங்க் பெறும் போலி.

யார் பார்வையில் கதை நகர்கிறதோ அந்தப் பாத்திரத்துக்குத் தெரிந்ததை வாசகரிடம் ஒளிக்காதீர்கள்; அது ஏமாற்று. பலர் சறுக்குவது திருப்பத்துக்குப் பின் விளக்கம் எழுதித்தான். உண்மை தெரிந்ததும் மதில்டு என்ன ஆனாள் என்று மாப்பசான் ஒரு வரிகூட எழுதவில்லை.