துணி அலங்காரமும் சீரியல் விளக்குகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துணியைக் கொசுவம் வைத்துத் தொங்கவிட்டு, அதன் பின்னே சீரியல் விளக்குகளை எரியவிட்டால், வெறும் சுவரும் கண்ணுக்கு இதமாகிவிடும். ஆனால் பலரும் துணியை முழுவதுமாகக் கட்டி முடித்த பிறகுதான் விளக்கைப் பற்றி யோசிக்கிறார்கள். பிளக் எட்டாமல் போவது, வயரைத் துணியோடு சேர்த்துக் குத்துவது, அடாப்டரை மடிப்புக்குள் ஒளித்து வைப்பது என்று பெரும்பாலான தவறுகள் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன. விளக்கை முதலில் பொருத்தி, அரை மணி நேரமாவது எரியவிட்டுச் சோதித்த பின்னரே துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

அடுத்த தவறு, விளக்கின்மேல் துணி படும்படி விடுவது. பழைய இழை பல்புகள் தாம் எடுக்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியிடுகின்றன. அவற்றைத் துணியின் அருகில் கொண்டுபோகவே கூடாது. எல்.இ.டி. விளக்குகள் அந்த அளவுக்குச் சூடாவதில்லை என்பது உண்மைதான், ஆனால் அவற்றுக்கு மின்சாரம் தரும் அடாப்டர் சூடாகும். ஒரு மணி நேரம் எரிந்த பிறகு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கையில் அந்தச் சூடு தெரியும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதன்மேல் துணியைச் சுற்றி மறைத்தால், அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி எளிதில் தீப்பிடிக்கும். பாலியஸ்டர், நைலான் போன்ற செயற்கை இழைத் துணிகள் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நீளம் மிஞ்சுகிறது என்று விளக்குச் சரத்தைச் சுருட்டி வைத்தபடியே எரியவிடுவதும் இதே காரணத்தால் தவறு.

ஆகவே துணிக்கும் விளக்குக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளக்கு துணியோடு ஒட்டியிருந்தால் ஒவ்வொரு பல்பும் தனித்தனிப் புள்ளியாக உறுத்தும். சற்றே விலகியிருந்தால் அதே ஒளி பரவி, மடிப்புகளின் மேடும் பள்ளமும் மென்மையாகத் தெரியும். ஆக, பாதுகாப்புக்காக விடும் இடைவெளியே அழகையும் தருகிறது.

ஒரு சரத்தின் முனையில் அடுத்ததை மாட்டிக்கொண்டே போவது மிகவும் ஆபத்தானது. இணைத்துள்ள எல்லாச் சரங்களுக்குமான மின்சாரமும் முதல் சரத்தின் மெல்லிய வயர் வழியாகத்தான் செல்கிறது. அதிகபட்சம் எத்தனை சரங்களை இணைக்கலாம் என்பது பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இணைக்கலாம் என்ற குறிப்பே இல்லையென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகுவதும் கூடாது.

துணியின் எடையை விளக்கு வயர் தாங்கும்படி விடாதீர்கள். துணிக்குத் தனிக் கயிறோ கம்பியோ கட்டி, வயருக்குத் தனிக் கொக்கிகள் பொருத்த வேண்டும். வயரின் மேலேயே ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ அடித்தால், மேலுறை கிழிந்து உள்ளிருக்கும் செம்பு வெளிப்பட்டுவிடும். மின்விசிறியின் காற்றில் துணியின் நுனி எதுவரை பறக்கிறது என்பதையும் விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அலங்காரம் சோகையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் துணி போதாததே காரணம். 3 மீட்டர் அகலச் சுவருக்கு 3 மீட்டர் துணி எடுத்தால், கொசுவம் விழாமல் விரித்துக் காயப்போட்டது போலத்தான் இருக்கும்; அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை, அதாவது 4.5 முதல் 6 மீட்டர் வரை எடுக்க வேண்டும். தொங்கவிடும் முன் இஸ்திரி போடுவதைத் தவிர்த்தால், பின்னால் எரியும் விளக்கு ஒவ்வொரு சுருக்கத்தையும் எடுத்துக்காட்டிவிடும். அடர்த்தியான துணி ஒளியை மறைத்துவிடும் என்பதால், பின்னால் விளக்கு வைப்பதற்கு நெட், ஷிஃபான், ஆர்கன்சா போன்றவையே ஏற்றவை. 2700 கெல்வின் அளவிலான மஞ்சள் ஒளியையும் 6500 கெல்வின் வெள்ளை ஒளியையும் ஒரே சுவரில் கலந்தால், ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

மழைச்சாரல் படும் பால்கனிக்கு ஐபி 44 அல்லது அதற்கு மேல் குறிக்கப்பட்ட விளக்குகள் தேவை; தூசும் நீரும் புகாமல் விளக்கு எவ்வளவு காக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. ஐபி 20 வீட்டுக்குள் மட்டுமே பயன்படும். தூங்கப் போகும்போதும் வெளியே கிளம்பும்போதும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். கழற்றி வைக்கும்போது, பேட்டரியில் எரியும் விளக்கானால் பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டு, சரத்தை ஓர் அட்டையில் இறுக்காமல் சுற்றிவைத்தால், அடுத்த முறை அது சிக்கலில்லாமல் விரியும்.