தூய பொருளா, கலவையா? மலைப் பள்ளி ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் முறை

தனிமம், சேர்மம், கலவை என்று கிளைபிரியும் படம் மாணவர்களுக்கு மனப்பாடம். ஒரு பொருளைக் கையில் கொடுத்து ‘இது எந்த வகை?’ என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். அதனால் முதலில் சோதனை, வரையறை பிறகு. ஊட்டி, குன்னூர் உயரத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப அளவுகளைத் தந்திருக்கிறோம்.

படி 1: பிரித்து வைக்கச் சொல்லுங்கள்

செம்புக் கம்பி, சர்க்கரை, உப்புநீர், பால், நீலகிரித் தைலம் ஆகியவற்றை மேசையில் வையுங்கள். எது ஒரே பொருள், எது பல பொருள் சேர்ந்தது என்று மாணவர்களே பிரிக்கட்டும். தைலம் தெளிவாக இருப்பதால் பலரும் தூய பொருள் பக்கம் வைப்பார்கள். அது சினியோல் என்னும் மணப்பொருள் அதிகமாகவும் வேறு சில எண்ணெய்கள் குறைவாகவும் கலந்த ஒருபடித்தான (எங்கும் ஒரே சீரான) கலவை. தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்று அல்ல. தைலம் எளிதில் தீப்பற்றும். விளக்கை ஏற்றும் முன் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 2: கொதிநிலையைப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பீக்கரில் 150 மி.லி. காய்ச்சி வடித்த நீர், கொதி சீராக வரச் சில ஓட்டுச் சில்லுகள், 110 டிகிரி வரை காட்டும் வெப்பமானி. வெப்பமானியின் குமிழ் நீருக்குள் இருக்க வேண்டும், அடியைத் தொடக்கூடாது. குளிரில் நீர் சூடேற நேரமாகும். வெந்நீரில் தொடங்குவது நல்லது. கொதி வந்தபின் நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு, அதனால் நீர் 92–93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். குன்னூரில் 94 அளவில் இருக்கும். 100 என்று படித்த பிள்ளை வெப்பமானி பழுது என்றோ நீரில் ஏதோ கலந்திருக்கிறது என்றோ நினைக்கும். தயவுசெய்து 100 என்று எழுதச் சொல்லாதீர்கள். பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

அடுத்து, அதே அளவு நீரில் 30 கிராம் உப்பைக் கரைத்துக் கொதிக்க வையுங்கள். ஊட்டியில் 96 அளவில் கொதி தொடங்கும். நீர் வற்ற வற்ற உப்பின் செறிவு கூடி, 100 மி.லி. ஆகும்போது 98ஐ நெருங்கும். அத்தோடு நிறுத்துங்கள், மேலும் வற்றினால் உப்பு தெறிக்கும். இரண்டுக்கும் நேரம்–வெப்பநிலை வரைபடங்களை ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள். தூய நீரின் கோடு படுத்திருக்கும், உப்புநீரின் கோடு ஏறும். 100க்கு அருகில் போனது கலவைதான்! எண்ணை விட, அந்த எண் மாறாமல் நிற்கிறதா என்பதுதான் அடையாளம்.

குழாய் நீரில் உப்புகள் மிகக் குறைவு. அதன் கோடும் படுத்தே தெரியும். அதற்கு வேறு வழி: சில துளிகளைக் கண்ணாடியில் விட்டு, கொதிநீரின் ஆவிமேல் வைத்து உலர்த்துங்கள். வெண்படலம் தங்கினால் கலவை. மூடுபனிக் காலத்தில் தானே உலரும் என்று காத்திருந்தால் பாடவேளை போய்விடும்.

படி 3: கூழ்மம்

மிகச் சிறு துகள்கள் கரையாமல் பரவி நிற்கும் கலவையே கூழ்மம். 200 மி.லி. நீரில் 3 துளி பால். இருட்டில் டார்ச் ஒளியைச் சிறு துளை வழியே பக்கவாட்டில் பாய்ச்சினால் ஒளிப்பாதை தெரியும். இதுவே டிண்டால் விளைவு. தெளிந்த உப்புநீரில் தெரியாது. பால் கூடினால் நீர் முழுதும் வெளுத்துப் பாதை மறைந்துவிடும். மலைப்பாதை மூடுபனியில் வண்டி விளக்கின் ஒளிக்கற்றை தெரிவதும் இதனால்தான்.

படி 4: கலவை சேர்மமாவதைக் காட்டுங்கள்

தனிமங்கள் வினைபுரிந்து இணைந்து உருவாகும் புதிய பொருளே சேர்மம். இதை ஆசிரியர் மட்டும் செய்யவேண்டும். இரும்புத்தூள் 3.5 கிராம், நன்கு பொடித்த கந்தகம் 2 கிராம். கலந்ததும் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் காட்டுங்கள். இரும்பு மட்டும் ஒட்டி வரும். ஒட்டியதைத் திரும்பக் கொட்டிக் கலந்து, அதில் 2 கிராம் அளவைக் கடினக் கண்ணாடிச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்குங்கள். சிவந்து கனன்றதும் விளக்கை அகற்றினாலும் வினை தானே பரவும். கிடைப்பது கருப்பு இரும்பு சல்பைடு. இதைக் காந்தத்தால் பிரிக்க முடியாது.

ஆறிய கட்டி காந்தத்தில் ஒட்டுகிறதா? இரும்பு கூடிவிட்டது, அல்லது கந்தகத்தில் ஒரு பங்கு எரிந்து போய்விட்டது. துருப்பிடித்த இரும்புத்தூளிலும் சோதனை கெடும். மலை ஈரத்தில் திறந்த புட்டி விரைவில் துருவேறும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக மூடுங்கள்.

குளிருக்காகச் சாத்திய சன்னல்களை இப்போது திறந்தே ஆகவேண்டும். எரியும் கந்தகத்திலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை மிகவும் வாட்டும். மிஞ்சிய கட்டியில் அமிலம் ஊற்றாதீர்கள்; ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு வெளிவரும்.