கீமோ செலவும் காப்பீடும்: காரைக்குடிப் பக்கத்தினருக்கு ஒரு குறிப்பு

காரைக்குடி, தேவகோட்டையிலிருந்து கீமோவுக்காக (புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் சிகிச்சை) மதுரைக்கோ சென்னைக்கோ போய்வருபவர்கள் முதல் வேலையாக ஒரு ஃபைல் போடுங்கள். மருந்துக்கடை பில் பெரும்பாலும் வழுவழுப்பான தாளில்தான் வரும். நாளாக ஆக எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். பல பாலிசிகளில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 நாள் செலவையும் கேட்டு வாங்கலாம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இதில் வரும். சில்லறைச் செலவுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்!

காலையில் போய் மாலையில் திரும்பும் கீமோவுக்கும் கிளெய்ம் உண்டு. பாலிசியில் 'டே கேர்' பகுதியைப் பாருங்கள். அப்புறம் அறை வாடகை. பாலிசியில் சொன்ன வாடகை வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் ஃபீஸிலும் அதே விகிதத்தில் பிடிக்கும் பாலிசிகள் உண்டு. கௌரவம் பார்க்காமல் வரம்புக்குள் எடுப்பதே நல்லது.

சரி, பாலிசியே இல்லையா? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போங்கள். நீங்கள் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனையின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்; அடுத்த கீமோ தேதி வாங்கும்போதே அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.